பாட்டு இருக்கிறது, வரிசை இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லி, அதே பிழையை நீங்களும் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று எச்சரிக்க எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு மெமரி சிப் இருக்கிறது. அதில் 47 ஒலிப்பதிவுகள். எல்லாமே எங்கள் பாடசாலைக்குக் கீழே உள்ள தோட்டத்தில் காமன் கூத்து பழக்கிய ஒரு வாத்தியாரின் குரல். 47உம் நன்றாக வேலை செய்கின்றன, ஒன்றுகூடப் பழுதில்லை. ஆனால் எது முதல், எது பிறகு என்பது முழுதாகத் தெரியாது. தெரிந்த மனிதர் 2024 ஐப்பசியில் காலமாகிவிட்டார். அவர் எனக்குச் சொல்லித்தந்த வரிசையை நான் தொலைத்துவிட்டேன்.

எப்படித் தொலைத்தேன் என்பதைச் சொல்கிறேன்.

2023ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மலையகம் 200. தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்கள். மேடை போட்டோம், கண்காட்சி வைத்தோம். அந்த வருடம் தோட்டம் தோட்டமாக எத்தனை பேர் போனைத் தூக்கிக்கொண்டு அப்பாயி, அம்மாயி, தாத்தாமாரிடம் போனோம்! தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கூத்து, லயத்துக் கதைகள் என்று எல்லாவற்றையும் பதிவு செய்தோம். நானும் பிள்ளைகளோடு போனேன்.

வாத்தியாருக்கு அப்போதே எண்பதை நெருங்கும் வயது. ஞாபகம் வந்த பாட்டை ஞாபகம் வந்த நேரத்தில் பாடுவார். ஒரு நாள் கல்யாணப் பாட்டு, அடுத்த நாள் கம்பம் ஊன்றும் பாட்டு. ரதி அழுகிற பாட்டுக்களை வீட்டுக்குள் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவற்றை வெளியே கம்பம் ஊன்றும் இடத்துக்கு அழைத்துப்போய்த்தான் பதிவு செய்தோம். ஆகவே பதிவு செய்த திகதிக்கும் கூத்தின் வரிசைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு இரண்டு பின்னேரங்கள் என்னை உட்கார வைத்து வரிசை சொன்னார். ஒவ்வொரு பதிவாகப் போட்டுக் காட்டுவேன். கேட்டுவிட்டு, "இத முன்னுக்கு வைங்க சேர்... இல்ல, இன்னும் முன்னுக்கு. கல்யாணம் முடியாம ஓல வரக் கூடாது. ஓல வந்த பொறகு ரதி சிரிக்கக் கூடாது" என்பார். நான் போனில் இருந்த ஒரு மியூசிக் ஆப்பில் பிளேலிஸ்ட் ஒன்று திறந்து, விரலால் இழுத்து இழுத்து மேலும் கீழும் நகர்த்தினேன். கடைசியில் 47உம் ஒரே கோர்வையாக வந்தன. முதலில் இருந்து ஓடவிட்டோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆவணப்படுத்திவிட்டோம் என்று நான் பெருமையாக நினைத்தேன்.

2025 ஏப்ரல் விடுமுறையில் போனுக்குள் தண்ணீர் போய்விட்டது. திருத்தக் கொடுத்தேன். கடைத் தம்பி நல்ல பிள்ளை. கேட்டுவிட்டுத்தான் செய்தார். "ரீசெட் பண்ணினாத்தான் சரிவரும் சேர். பாட்டு, போட்டோ எல்லாம் சிப்பிலதானே இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். அது உண்மைதான். பாட்டு சிப்பில்தான் இருந்தது. பிளேலிஸ்ட் சிப்பில் இருக்கவில்லை. அது போனுக்குள், அந்த ஆப்பின் சொந்தக் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்தது. ரீசெட் செய்த அந்த நிமிடத்தில் அது போய்விட்டது.

இங்கே ஒரு விடயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பிளேலிஸ்ட்டுக்குள் பாட்டு இல்லை. அதில் இருப்பது முகவரிகள் மட்டும். "இந்த போல்டரில், இந்தப் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது, அதைப் போடு. முடிந்ததும் அடுத்த முகவரிக்குப் போ." அவ்வளவுதான். சிப்பைக் கழற்றினால் பட்டியல் இருக்கும், பாட்டு இருக்காது. போனை ரீசெட் செய்தால் பாட்டு இருக்கும், பட்டியல் இருக்காது. இரண்டும் இரண்டு இடத்தில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. தகவல் தொழில்நுட்பப் பாடம் எடுக்கிற நண்பருக்கும் சட்டென்று தோன்றவில்லை.

முகவரி இல்லாத கஷ்டத்தைப் பற்றி மலையகத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. காம்பராவுக்கு என்று தனி முகவரி இல்லாமல், கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறி, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கையில் கிடைத்த கதை எத்தனை வீட்டில் இருக்கிறது! ஆளும் இருக்கிறார், கடிதமும் இருக்கிறது, இரண்டும் சந்திக்கவில்லை. என் சிப்புக்கு நடந்ததும் அதுதான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். எனக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. அதையும் நானே கெடுத்து வைத்திருந்தேன்.

2023 டிசம்பரில் பாடசாலை விழா ஒன்றுக்காக இந்தப் பட்டியலைப் பாடசாலைக் கொம்பியூட்டருக்கு எடுக்கப் பார்த்தேன். அந்த ஆப்பில் பட்டியலை வெளியே எடுக்கும் வசதி இருந்தது. எடுத்தால் எம்3யு8 என்று முடிகிற பெயரோடு ஒரு சின்னக் கோப்பு வந்தது. கொம்பியூட்டரில் திறந்தால் பெயர்கள் எல்லாம் தெரிந்தன, ஒன்றுகூடப் பாடவில்லை. காரணம், ஒவ்வொரு வரியிலும் இருந்தது போனின் முழு முகவரி. கொம்பியூட்டரில் அப்படி ஓர் இடமே கிடையாது.

சரி, திருத்துவோம் என்று வரிகளைப் பிரதி எடுத்துப் புதிய நோட்பேட் ஒன்றில் ஒட்டினேன். முகவரியின் முன்பகுதியை வெட்டினேன். ஒவ்வொரு பாட்டின் முகவரிக்கும் மேலே ஹேஷ் குறியோடு தொடங்கும் ஒரு வரி இருந்தது. ஏதோ குப்பை என்று எல்லாவற்றையும் அழித்தேன். சேவ் செய்யும்போது ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்தது. வாசிக்காமல் ஓகே அழுத்தினேன்.

திறந்து பார்த்தால் 47இல் 29 பாடின. 18 பாடவில்லை. விழாவுக்கு நேரம் போதவில்லை. போனையே வயர் போட்டு ஸ்பீக்கரில் மாட்டிச் சமாளித்தேன். ஆப் தந்த அசல் கோப்பை இனித் தேவையில்லை என்று அழித்தும் விட்டேன். நான் திருத்திக் கெடுத்த கோப்பு மட்டும் பாடசாலைக் கொம்பியூட்டரில் கிடந்தது.

2025இல் அதைத் தேடி எடுத்தபோதுதான் அந்த எச்சரிக்கைப் பெட்டி என்ன சொல்லியிருக்கிறது என்று விளங்கியது. பழைய வின்டோஸில் நோட்பேட் புதிய கோப்பை ஒரு பழைய எழுத்து முறையில்தான் சேமிக்கும். அந்த முறைக்குத் தமிழ் தெரியாது. தெரியாத எழுத்து ஒவ்வொன்றையும் ஒரு கேள்விக்குறியாக மாற்றிவிடும். "இந்தக் கோப்பில் உள்ள சில எழுத்துக்கள் அழிந்துபோகும், பரவாயில்லையா?" என்றுதான் அது கேட்டிருக்கிறது. நான் பரவாயில்லை என்றிருக்கிறேன்.

தப்பிய 29 எவை தெரியுமா? பதிவுக் கருவி தானாக வைத்த வெறும் இலக்கப் பெயரோடு நான் அப்படியே விட்டவை. அழிந்த 18 எவை? ஆசையாக உட்கார்ந்து நான் தமிழில் பெயர் வைத்தவை.

நான் அழித்த அந்த ஹேஷ் வரிகள் குப்பையும் அல்ல. அவற்றில்தான் ஒவ்வொரு பாட்டும் எத்தனை செக்கன் ஓடும் என்ற கணக்கு இருந்தது. அது இருந்திருந்தால் பெயரே இல்லாவிட்டாலும் நீளத்தை வைத்து 18ஐயும் ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடித்திருக்கலாம்.

என் வகுப்பில் தரம் 10 பிள்ளை ஒருத்திதான் வழி காட்டினாள். "சேர், கேள்விக்குறிய எண்ணிப் பாத்தீங்களா?" என்றாள். ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி என்றால், எண்ணிக்கையை வைத்துப் பெயரைப் பிடிக்கலாம் அல்லவா? கொம்பியூட்டர் "ரதி" என்ற சொல்லை மூன்றாக எண்ணும்: ர, த, பிறகு அந்த இகரக் குறி. "புலம்பல்" என்பதை எட்டாக எண்ணும். இடைவெளி அப்படியே இருக்கும். ஆகவே மூன்று கேள்விக்குறி, ஓர் இடைவெளி, எட்டுக் கேள்விக்குறி என்றால் அது "ரதி புலம்பல்". இப்படி உட்கார்ந்து எண்ணி 7 பாட்டுக்களை அவற்றின் இடத்தில் வைத்தோம். மிச்சம் 11. அந்தப் பதினொன்றுக்கும் ஒரே நீளமுள்ள பெயரோடு வேறு பாட்டும் இருக்கிறது. அதற்கு மேல் எண்ணிக்கை உதவவில்லை.

இதில் என் கருத்து ஒன்றுதான். பாட்டைப் பாதுகாப்பது பாதி வேலை, வரிசையைப் பாதுகாப்பது மறுபாதி. நாங்கள் எல்லோரும் முதல் பாதியைச் செய்துவிட்டு மேடையில் ஏறி "ஆவணப்படுத்திவிட்டோம்" என்கிறோம். அதை நிறுத்த வேண்டும்.

வரிசை என்பது அலங்காரம் அல்ல, அது ஓர் அறிவு. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி எடுத்தபோது முதலில் பழக்கியது பாடக்குறிப்பு எழுதத்தான். எதை முதலில் சொல்வது, எதை அதன் மேல் கட்டுவது என்பதுதான் கற்பித்தல். விடயங்களை மாற்றி அடுக்கினால் பாடம் இல்லை, தகவல் மட்டும்தான். கூத்தும் அப்படியே. ஓலை வரும் முன் ரதி அழுதால் அது கூத்து இல்லை, 47 பாட்டு. அந்தக் கோர்வையை வாத்தியார் தன் வாத்தியாரிடம் வாங்கினார். அவர் கையில் ஒரு கடதாசியும் இருக்கவில்லை. அது தலையில் இருந்து தலைக்கு வந்து, கடைசியில் என் போனுக்கு வந்து, அங்கே நின்றுவிட்டது.

இப்போது இந்தப் பட்டியல் கோப்புக்களைப் பற்றிக் கொஞ்சம். பயப்பட வேண்டாம், சுலபமான விடயம்தான்.

பட்டியலைச் சேமிக்கப் பல வடிவங்கள் இருக்கின்றன. வின்டோஸ் மீடியா பிளேயருக்கு ஒன்று, இணைய வானொலிகளுக்குப் பழகிய பிஎல்எஸ் என்று ஒன்று, எக்ஸ்எஸ்பிஎப் என்று ஒன்று. எல்லாவற்றிலும் பழையதும் அதிகமான ஆப்கள் வாசிப்பதும் எம்3யு. எம்பி3யை உருவாக்கியவர்களில் முக்கியமான ஜெர்மனியின் பிராவுன்ஹோபர் நிறுவனம் 1995இல் வெளியிட்ட வின்பிளே3 என்ற மென்பொருளில்தான் இது முதலில் வந்தது. 1997இல் வந்த வின்ஆம்ப் இதை உலகம் முழுக்கப் பரப்பியது. இது வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு வரிக்கு ஒரு முகவரி. நோட்பேடில் திறந்து கண்ணால் வாசிக்கலாம். அந்தக் காலத்தில் தமிழ் போன்ற எழுத்துக்களுக்கு அதில் இடம் இருக்கவில்லை. பிறகு அதையே யூனிகோட் எழுத்தில், அதாவது யூடிஎப்-8 முறையில், சேமித்தபோது பெயருக்குப் பின்னால் ஓர் எட்டைச் சேர்த்து எம்3யு8 என்றார்கள். அந்த ஓர் எட்டுக்குள்தான் நம்முடைய தமிழ் இருக்கிறது. நான் அழித்தது அந்த எட்டைத்தான்.

"முப்பது வருடப் பழசை ஏன் சேர் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். பழசாக இருந்தும் சாகவில்லை என்பதால்தான். இன்று நீங்கள் போனில் நேரலை பார்க்கும்போது, பின்னால் பெரும்பாலும் ஓடுவது இதே எம்3யு8 பட்டியல்தான். 2009இல் அப்பிள் நிறுவனம் வீடியோவைத் துண்டு துண்டாக வரிசையில் அனுப்ப இதையே எடுத்துக்கொண்டது. அன்ட்ரொய்டில் எல்லா ஆப்பும் பகிர்ந்துகொள்ளும் பொதுவான பிளேலிஸ்ட் வசதி ஒன்று இருந்தது. 2021இல் வந்த அன்ட்ரொய்ட் 12ஓடு கூகுள் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தது. அதற்குப் பதிலாக ஆப் செய்பவர்களுக்கு அவர்கள் காட்டிய வழியும் எம்3யு கோப்புத்தான். பெரிய கம்பனிகளே கடைசியில் திரும்பி வருவது இந்த எழுத்துக் கோப்புக்குத்தான்.

முழு முகவரிக்கும் பக்கத்து முகவரிக்கும் உள்ள வித்தியாசமும் முக்கியம். "இந்த மாவட்டம், இந்தத் தோட்டம், கீழ்ப்பிரிவு, மூன்றாம் லயம், ஏழாம் காம்பரா" என்பது முழு முகவரி. "பக்கத்துக் காம்பரா" என்பது பக்கத்து முகவரி. முழு லயத்தையும் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் முதலாவது பிழைத்துப்போகும். இரண்டாவது எங்கே போனாலும் சரியாகவே இருக்கும். அன்ட்ரொய்ட் போனில் ஒவ்வொரு சிப்புக்கும் ஓர் அடையாள இலக்கம் உண்டு. முழு முகவரியில் அந்த இலக்கமும் சேர்ந்துவிடும். ஆகவே எல்லாப் பாட்டையும் புதிய சிப்புக்குப் பிரதி எடுத்தாலும் பழைய பட்டியல் வேலை செய்யாது. பாட்டும் பட்டியலும் ஒரே போல்டரில் இருந்து, பட்டியலில் வெறும் கோப்புப் பெயர் மட்டும் இருந்தால், சிப், பென், கொம்பியூட்டர் எங்கே போனாலும் வேலை செய்யும்.

இனி, வழக்கமாக வரும் பதில்களுக்கு வருகிறேன்.

"யூடியூபில் போட்டுவிட்டால் முடிந்ததே." போடுங்கள், நல்லது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கேட்பார்கள். ஆனால் அது கடை ஜன்னல், களஞ்சியம் அல்ல. பாஸ்வேர்ட் வைத்திருந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் சனலும் போய்விடும். பெரிய கம்பனி என்றால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். மைஸ்பேஸ் ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய சமூக வலைத்தளம். 2016க்கு முன் அங்கே ஏற்றிய பாட்டுக்களை, சேர்வர் மாற்றும்போது இழந்துவிட்டதாக 2019இல் அறிவித்தது. 5 கோடிக்கும் மேற்பட்ட பாட்டுக்கள் என்று அப்போது செய்திகள் சொல்லின. கையில் சொந்தப் பிரதி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் நட்டமில்லை.

"குரூப்பில் அனுப்பிவிட்டோம், எல்லோரிடமும் இருக்கிறது." வட்ஸ்அப்பில் ஓடியோவாக அனுப்பினால் நீங்கள் வைத்த பெயர் போய்விடும். மூன்று ஆங்கில எழுத்து, திகதி, ஒரு தொடர் இலக்கம், அவ்வளவுதான் மிஞ்சும். நூறு போனில் பாட்டு இருக்கும், ஒரு போனிலும் யார் பாடியது என்று இருக்காது. அனுப்புவதானால் ஆவணமாக, அதாவது டொக்கியுமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். பெயர் மாறாது.

"சேர், நீங்க முஸ்லிம். உங்களுக்கு ஏன் காமன் கூத்து?" நேரடியாகவும் கேட்டிருக்கிறார்கள், மறைமுகமாகவும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கூத்து ஆடுகிறவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அது போதும். இசையைப் பற்றி எங்கள் ஆட்களுக்குள் வேறு வேறு கருத்து உண்டு, அதற்குள் நான் போகவில்லை. பாட்டே கேட்காத வீட்டிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. குர்ஆனின் 114 சூராக்களையும் சிப்பில் போட்டுக் கேட்கிறவர்களைக் கேளுங்கள். பல பிளேயர்களில் 1 முடிந்ததும் 2 வராது, 10 வரும். பிறகு 100 வரும். பிளேயர் இலக்கத்தை இலக்கமாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்து அடுக்குவதுதான் காரணம். 001, 002 என்று மூன்று இலக்கத்தில் பெயர் வைத்தவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எங்கள் மூத்தம்மா காலத்து பக்கீர் பைத்தும், நாகூர் ஹனிபாவின் பழைய கசட்டுக்களும், ஜும்ஆ பயான்களும் பெயரில்லாமல் எத்தனை சிப்பில் கிடக்கின்றன? ஆகவே இது எல்லோருடைய வீட்டுப் பிரச்சினையும்தான்.

சி.வி. வேலுப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 1947இல் தலவாக்கலையில் இருந்து பாராளுமன்றம் போன மனிதர். அவர் நம்முடைய பாட்டுக்களைச் சேகரித்து "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று புத்தகமாக்கினார். அதில் குரல் இல்லை, தப்புச் சத்தம் இல்லை. ஆனால் இன்றும் எந்த ஆப்பும் இல்லாமல் திறந்து வாசிக்கலாம். நம்மிடம் குரல் இருக்கிறது, தப்பு இருக்கிறது. ஆனால் அவர் பேனையால் செய்த அடிப்படை வேலையை நாம் செய்யவில்லை. யார் பாடியது, எங்கே, எப்போது, எதற்குப் பிறகு எது என்று எழுதி வைக்கும் வேலை.

ஆகவே பதிவு செய்து வைத்திருக்கிற ஆசிரியர்கள், வாலிபர் சங்கங்கள், கோவில் கமிட்டிகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், எல்லோரிடமும் கேட்கிறேன். இந்த ஆறையும் செய்யுங்கள்.

1. பதிவை அழுத்தியவுடன் முதலில் வாயால் சொல்லுங்கள்: பாடுபவர் பெயர், இடம், திகதி, இது எதற்குப் பிறகு வரும் பாட்டு. கோப்பின் பெயர் அழியலாம். குரலோடு சேர்ந்த பெயர் அழியாது. அவர்கள் சம்மதத்தையும் அதிலேயே கேட்டு வாங்குங்கள்.

2. கோப்பின் பெயரை 001, 002 என்று தொடங்குங்கள். பிறகு தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். பட்டியலே தொலைந்தாலும் இலக்கம் வரிசையைக் காப்பாற்றும். பிளேலிஸ்ட்டை வாசிக்கத் தெரியாத திரீவீலர் செட்டிலும் வரிசை மாறாமல் பாடும்.

3. பாட்டும் பட்டியலும் ஒரே போல்டரில். பட்டியல் எம்3யு8ஆக, யூடிஎப்-8 எழுத்தில். கொம்பியூட்டரில் விஎல்சி இலவசம். பாட்டுக்களை வரிசையாகப் போட்டு, பட்டியலைச் சேமிக்கும்போது எம்3யு8 என்று தெரிவு செய்யுங்கள். ஹேஷ் வரிகளை என்னைப் போல அழிக்காதீர்கள்.

4. பட்டியலை வெளியே எடுக்க வழியில்லாத ஆப்பில் முக்கியமான எதையும் அடுக்காதீர்கள். சினிமாப் பாட்டு அடுக்குங்கள், பரவாயில்லை. அவை எங்கேயும் கிடைக்கும். நம்முடைய கிழவியின் தாலாட்டு வேறு எங்கேயும் கிடைக்காது.

5. ஒரு சீ.ஆர். கொப்பியில் பேனையால் வரிசையை எழுதி வையுங்கள். சிரிக்க வேண்டாம். அந்த இரண்டு பின்னேரத்தில் நான் ஒரு பக்கம் எழுதியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

6. ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்தபோது பார்த்தோம். ஆட்களையே காப்பாற்ற முடியாத இடத்தில் சிப்பையும் கொப்பியையும் யார் தேடுவது? ஒரு பிரதி பாடசாலையில், ஒன்று வேறு ஊர் உறவினரிடம், ஒன்று இணையத்தில். 2005இல் இருந்து நம் நாட்டுத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் நூலக நிறுவனம் புத்தகங்கள் மட்டுமல்ல, ஒலிப்பதிவுகளையும் பேணுகிறது. அவர்களோடு பேசலாம்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். இந்தப் பதிவை எழுதியதே இதற்காகத்தான்.

இந்த வருடம் மாசி அமாவாசைக்குப் பிறகு எந்தப் பிறையைப் பார்த்து நாங்கள் நோன்பு பிடிக்கப் போகிறோமோ, அந்தப் பிறை வளரத் தொடங்கும் நாளில்தான் கீழ்த் தோட்டத்தில் கம்பம் ஊன்றுவார்கள். வாத்தியார் இல்லாத இரண்டாவது கூத்து. அவர் பேரனும் இன்னும் நாலு பையன்களும் பழகுகிறார்கள். அவர்களுக்கு இந்த 47ஐயும் சரியான கோர்வையில் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. 36 பாட்டு இடத்தில் இருக்கிறது. 11 பாட்டுக்கு இடம் வெறுமையாக இருக்கிறது. எந்த எந்த இடம் என்பதும் தெரியும். எது எங்கே என்பதுதான் தெரியாது.

டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கம் காமன் கூத்தில் ரதியாக, மதனாக, தூதனாக ஆடியவர்கள், தப்பு அடித்தவர்கள், சும்மா விடியவிடிய உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராக இருந்தாலும், வருகிற போயா தினத்தன்று காலையில் எங்கள் பாடசாலைக்கு வாருங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் பாட்டு கொஞ்சம் மாறும் என்று தெரியும். அதையும் குறித்துக்கொள்வோம். வர முடியாத வயதானவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.

இந்த முறை கொப்பியும் பேனையும் கொண்டு வருகிறேன்.